பதினேழாம் விதியும் கோழிக் குழம்பும்

எங்கள் மன்றம் ஜவ்வாது மலையின்மேல் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரி எங்களுடையது அல்ல, அரசுடையது. கரையோரம் முக்கால் ஏக்கர் பட்டா நிலம்தான் எங்களுடையது. இதை உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் யாராவது ஒருவர் விருந்தாளியைக் கூட்டிவந்து, "இது நம்ம ஏரி" என்று கையை வீசிக் காட்டிவிடுகிறார். நான் வருவாய்த்துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். புறம்போக்கைப் பார்த்து ஒருவர் 'நம்ம' என்றால் எனக்குக் காது சூடாகிவிடும்.

மன்றத்துக்கு ஓட்டுக்கூரை போட்ட ஓர் உணவுக்கூடம், நாலு பேர் உட்காரும் மிதிபடகு இரண்டு, துடுப்புப் படகு ஒன்று, பாய்மரப் படகு ஒன்று. கடைசியாகச் சொன்னதால்தான் மலையில் உள்ளவர்கள் எங்களை 'யாட் கிளப்காரங்க' என்கிறார்கள். அது எங்கள் தலைவர் கொண்டுவந்தது. துறைமுகத்தில் பொறியாளராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் அந்தப் படகை லாரியில் ஏற்றிக் கொண்டையூசி வளைவுகளையெல்லாம் தாண்டி மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். காற்று இங்கே மர உச்சிகளில் அடிக்கும், ஏரிக்கு இறங்காது என்பது படகு வந்து இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. படகு அன்றிலிருந்து கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அதன் மேல்தளத்தில் எங்கள் சமையலம்மா மிளகாய் காயவைக்கிறார்.

மன்றம் நடப்பது படகுகளால் அல்ல, அந்தச் சமையலம்மாவால். எதிர்க்கரையில் உள்ள ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே துடுப்பு போட்டு வந்து அடுப்பு மூட்டுவார். சாமைச்சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளுக் கடைசல், ஏரியில் பிடித்த ஜிலேபிக் கெண்டை வறுவல். விசேஷ நாள் என்றால் நாட்டுக்கோழிக் குழம்பு. உறுப்பினர்களில் ஒருவர், ஆலங்காயத்தில் புளி மண்டி வைத்திருப்பவர், ஒருமுறை கீழேயிருந்து ஓர் அண்டா பிரியாணி கொண்டுவந்தார். எல்லாரும் மரியாதைக்கு ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு களிக்குத் திரும்பிவிட்டோம். மண்டிக்காரரும் திரும்பிவிட்டார்.

ஞாயிறு மதியம் வழக்கமாக வருபவர்கள் பதினான்கு பேர். காவலூரிலிருந்து நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் போவோம். வாணியம்பாடியிலிருந்து ஒரு டாக்டரம்மா காரில் வருவார். மற்றவர்கள் கிடைத்த பஸ்ஸில், கிடைத்த வண்டியில் வருவார்கள். ஒன்றேகாலுக்கு மணி அடிக்கும். பலாப்பலகையில் செய்த நீள மேசையில் இலை விழும். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை. அதன் பிறகு இரண்டு மணி நேரம் பேச்சுதான். யாருக்கு மூட்டு வலி, யார் பையன் வெளிநாட்டில் என்ன வாங்கினான், எந்த அமைச்சர் எதற்கு அழுதார் என்று ஒன்றுவிடாமல் பேசுவோம். வாரத்தின் மற்ற ஆறு நாளும் நான் செய்தித்தாளோடு பேசுபவன். அதனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான் எவ்வளவு மதித்தேன் என்பதை அப்போதெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை.

நான் மன்றத்தின் செயலாளர். மன்றத்தைப் பதிவு செய்தபோது துணைவிதிகளை எழுதியவனும் நான்தான். எழுதினேன் என்பது கொஞ்சம் மிகை. தலைவரிடம் ஏதோ ஒரு கடற்கரை மன்றத்தின் பழைய ஆங்கில விதிப்புத்தகம் இருந்தது. அதை நான் தமிழாக்கினேன். ஆலங்காயத்தில் தட்டச்சு செய்யும் கடையில் உட்கார்ந்து, 'கடல்' என்று வரும் இடமெல்லாம் 'ஏரி' என்று ஒரே தட்டில் மாற்றச் சொன்னேன். கணினி சொன்னதைச் செய்தது. எங்கள் விதிகளில் இன்றும் 'ஏரிக்கொள்ளையர் தாக்குதலின்போது உறுப்பினர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை' என்று ஒரு பத்தி இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் அதற்கும் சேர்த்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அரசு அலுவலகத்தில் யாரும் எதையும் முழுதாகப் படிப்பதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படித்தான் இருந்தேன்.

தொல்லை மண்டிக்காரரால் தொடங்கியது. சரியாகச் சொன்னால், என்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மணி அடித்து இருபத்து மூன்று நிமிடம் கழித்து, வியர்வை வழிய உள்ளே வந்தார்.

"சார், புளி லாரி நாலாவது வளைவுல குறுக்க நின்னுடுச்சி. நான் இன்னா பண்றது? பறந்தா வர்றது?"

"விதி ஒன்பது. மணி அடிச்சுக் கால் மணி நேரத்துல பந்தி மூடிடணும். லாரியப் பத்தி அதுல ஒண்ணும் போடல."

"மீன் வாசன அடிக்குதே சார்."

"வாசனைக்கு விதி இல்ல. தாராளமா பிடிச்சுக்கங்க."

மேசை சிரித்தது. மண்டிக்காரரும் சிரித்தார். வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து களியும் ரசமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓர் உறுப்பினராவது ஆர்வம் காட்டுகிறாரே என்று நான் மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பதினேழாம் விதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. கீழே, "செயலாளர் சார் கவனத்துக்கு. இத நீங்க முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டு, கும்பிடும் கை இரண்டு.

விதி இதுதான்: 'ஓராண்டுக்குள் ஒருமுறையேனும், ஓதம் ஏறியிருக்கும் வேளையில், தானே துடுப்பு போட்டோ மிதித்தோ, படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை சென்று திரும்பாத உறுப்பினர், உணவுக்கூட மேசையில் அமரும் உரிமையை இழப்பார். அவர் மற்றோர் உறுப்பினரின் விருந்தினராக, ஆண்டுக்கு மூன்று முறைக்கு மிகாமல், தாழ்வாரத்தில் உணவருந்தலாம்.'

படகுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்று பேரின் பெயர் இருந்தது. என் மனைவி பெயர் நான்கு இடத்தில் இருந்தது. என் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தது, 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல்லுக்குக் கீழே.

"இது நீங்க எழுதினதுதான?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த, மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். எத்தனையோ ஏரிகளின் பரப்பளவு, கொள்ளளவு, மதகுகளின் எண்ணிக்கை எல்லாம் என் வாயில் இருந்தன. வெள்ள நாட்களில் கரையில் ஜீப் பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் ஆணையிட்டிருக்கிறேன். எந்த ஏரியிலும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. என் மனைவி மலையடிவாரத்து விவசாயக் குடும்பம். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவள். திருமணமான புதிதில் ஒருநாள், "கெணத்தப் பாக்க வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள். அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

ஆக, நான் என் மனைவியின் விருந்தினர் ஆனேன். விருந்தினர் பதிவேட்டில் அவள்தான் எழுத வேண்டும். 'உறவு' என்ற கலத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு 'வீட்டுக்காரர்' என்று எழுதினாள். மண்டிக்காரர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா விசாரிச்சிக்கினு எழுதுங்கம்மா" என்றார்.

சமையலம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். "மேசைக்குப் பதிமூணு, தாவாரத்துக்கு ஒண்ணு. சரியாம்மா?"

"சரி" என்றாள் என் மனைவி.

தாழ்வாரத்தில் என் பெஞ்சுக்கு மேலே மிதவைச் சட்டைகள் தொங்கின. ஈர ரப்பர் வாசனை அடித்தது. சமையலம்மா பரிவோடு இரண்டு துண்டு மீன் அதிகமாக வைத்தார். "வெளிய குந்தினா இன்னா சாரு, உள்ள குந்தினா இன்னா? களி ஒண்ணுதான்" என்றார். களி ஒன்றுதான். ஆனால் உள்ளே யாரோ எதையோ சொல்ல, எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஜன்னல் வழியே எனக்குச் சிரிப்பு மட்டும் வந்தது, சிரிப்புக்குக் காரணம் வரவில்லை. "என்ன சொன்னாங்க?" என்று வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் கேட்டேன். "அங்க இருந்திருந்தாதான் சிரிப்பு வரும்" என்றாள். இப்படி மூன்று ஞாயிறு. மூன்றாவது முறை பெயரை எழுதி முடித்ததும் அவள் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, "இனிமே இந்த வருஷத்துக்கு உங்களக் கூப்பிட முடியாது" என்றாள். குரலில் கேலி இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அடுத்து வந்தது ஆண்டுவிழா விருந்து. கோழிக் குழம்பு, களி, மீன் வறுவல், புதுச் சாமை, பாயசம். செயலாளர் ஆண்டறிக்கை படித்துவிட்டுத் தலைவரின் வலப்பக்கம் உட்காருவது வழக்கம். எனக்கோ இப்போது தாழ்வாரத்துப் பெஞ்சுகூட இல்லை. ஒன்று படகோட்ட வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கையைப் படித்துவிட்டு ஸ்கூட்டருக்குப் போக வேண்டும்.

முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தைத் திரட்டினேன். விதியைத் திருத்தலாம். திருத்தத்துக்கு முழுதாக இருபத்தொரு நாள் அறிவிப்பு வேண்டும், விழாவுக்கு இருந்தது ஆறு நாள். மருத்துவ விலக்கு கேட்கலாம். டாக்டரம்மாவிடம் போனேன். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "என்னோடதவிட நல்லா இருக்கு சார். தண்ணின்னா பயம்னு எழுதிக் குடுக்கட்டுமா?" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நீங்க எப்பவும் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான உக்காருவீங்க?" என்றார்.

விழாவுக்கு முதல் நாள், பதினேழாம் விதியைப் பதினேழாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது எழுந்து உட்கார்ந்தேன். பதில் விதியிலேயே இருந்தது.

விழாவன்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் போனேன். முந்தின இரவு பெய்த மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அறிக்கையைப் படித்து முடித்தேன், கைதட்டினார்கள். மண்டிக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, தொண்டையைச் செருமினார். அவருக்கு முன்பே நான் பேசிவிட்டேன்.

"தலைவர் அவர்களே, ஓர் ஒழுங்குப் பிரச்சினை. பதினேழாம் விதிப்படி எதிர்க்கரை போய்த் திரும்புவது ஓதம் ஏறியிருக்கும் வேளையில் நடந்திருக்க வேண்டும். ஓதம் என்றால் கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவது. நம்முடையது ஏரி. ஏரிக்கு ஓதம் கிடையாது. ஆகவே பதிவேட்டில் உள்ள எந்தப் பயணமும் விதிப்படி நடந்தது அல்ல."

துறைமுகத்துக்காரரான தலைவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஓதமா? இங்கயா?" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதில் 'ஓத நிலை' என்று ஒரு கலம் இருந்தது. இத்தனை நாளும் எங்கள் உறுப்பினர்கள் அதைக் காலியாக விட்டதில்லை. காலியாக விட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். டாக்டரம்மா உரக்கப் படித்தார்: "நார்மல். சுமார். ஓகே. பரவாயில்லை. நல்லா கீது." என் மனைவி நான்கு இடத்திலும் 'குளிர்ச்சி' என்று எழுதியிருந்தாள்.

"நார்மல்னு போட்டது நான்தான்" என்றார் மண்டிக்காரர். "அப்ப அது இன்னா சார்?"

"தவறான பதிவு."

"சரிபார்க்கப்பட்டதுன்னு கீழ உங்க கையெழுத்து கீதே?"

"அதுவும் தவறுதான்" என்றேன். வெற்றி பெறும்போது சிறு விட்டுக்கொடுத்தல் அழகு.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டரம்மா. "அப்போ இந்த ரூம்ல யாருமே மேசைல உக்காரக் கூடாதா?"

"விதிப்படி, கூடாது."

"தாழ்வாரத்துல?"

"விருந்தினரா உக்காரலாம். கூப்பிடறவர் தகுதியுள்ள உறுப்பினரா இருக்கணும்."

"அப்படி யாரும் இல்ல" என்றாள் என் மனைவி. "கெட்டிக்காரத்தனம். ஒருத்தருக்குச் சோறு இல்லாம இருந்துது, இப்ப பதினாலு பேருக்கும் இல்ல."

நில வழக்கில் மேல்முறையீட்டில் வென்ற வக்கீலைப் போல் ஒரு நிமிடம் நின்றேன். அடுத்த நிமிடம் அடுக்களையிலிருந்து கோழிக் குழம்பின் வாசனை வந்தது. பதினான்கு பேரும் இலை போட்ட மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். யாருக்கும் உட்காரத் துணிவில்லை. என் பதவிக்காலத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான்: விதியை மீறினால் கண்டிப்பேன் என்று எல்லாரையும் உண்மையிலேயே நம்பவைத்திருந்தேன்.

சமையலம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "இன்னாங்க எல்லாரும் நின்னுக்கினு கீறீங்க? எல போட்டு எம்மா நேரம் ஆவுது?"

தலைவர் விளக்கினார். துறைமுகம், நிலா, ஓதம் எல்லாவற்றையும் தொட்டுப் பேசினார். சமையலம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அதாவது சாரு, இந்தக் கட்டடத்துல யாரும் சாப்டக் கூடாது. அவ்ளோதான?"

"அவ்வளவுதான்."

"எங்க வூட்ல சாப்டலாமில்ல? அது அந்தக் கரை. உங்க சட்டம் அங்க வருமா?"

யோசித்தேன். மன்றத்தின் நான்கு எல்லைகளும் எனக்கு மனப்பாடம். "வராது" என்றேன்.

"அப்பறம் இன்னா? தூக்குங்க."

அதற்குமேல் நடந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டரம்மா சாமைச்சோற்றுத் தவலையைத் தூக்கினார். தலைவர் பாய்மரப் படகுக்கு ஓடி, மிளகாயைத் தள்ளிவிட்டு, அந்த வெள்ளைப் பாயை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "உக்கார்றதுக்கு ஆவும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு களிப்பை நான் பார்த்ததில்லை. மிதிபடகு இரண்டும் ஆட்களையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி மறுபடி போயின. என் மனைவியும் சமையலம்மாவும் இரண்டாம் நடையில் போனார்கள்.

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். "நான் சுத்திக்கிட்டு ரோட்டுல வந்துடறேன்" என்றேன்.

"ராத்திரி மழையில ஓடை ஒடைச்சிக்கினு ரோடே இல்ல சார்" என்றார் மண்டிக்காரர். அவர் மட்டும்தான் மிச்சம். கடைசியாக இறக்கிய கோழிக் குழம்புக் குண்டானைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மிச்சமிருந்த படகு துடுப்புப் படகு. அவர் கையைப் பார்த்தேன். துடுப்பைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"குண்டானைக் கீழ வச்சிட்டு நீங்க போடுங்க" என்றேன்.

"வச்சா சாய்ஞ்சிடும் சார். பதினாலு பேரு கொழம்பு."

எதிர்க்கரையில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரத்திலும் அவள் என்னைக் கூப்பிடவில்லை, காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. நான் மிதவைச் சட்டையை மாட்டினேன். மண்டிக்காரருக்கும் மாட்டிவிட்டேன், அவர் வயிற்றுக்கு மேல் வார் எட்டவில்லை. படகில் கால் வைத்ததும் அது என் காலை விட்டு நழுவியது. எப்படியோ உள்ளே விழுந்தேன். கயிற்றை அவிழ்த்தேன்.

முதல் இழுப்பில் படகு திரும்பியது. இரண்டாவதில் இன்னும் திரும்பியது. ஐந்தாவதில் நாங்கள் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் மன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சார், வூட்டுக்குப் போறமா?"

"பேசாதீங்க."

"கொழம்பு சார்! கொழம்பு ஆடுது!"

கரையிலிருந்து ஆளுக்கொரு ஆணை வந்தது. வலது, இடது, நிறுத்து, இழு. சமையலம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "பாத்து சாரு! கோயிக்கு நீச்சல் தெரியாது!"

ஏரியின் நடுவில் என் கை நின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர். பச்சையாக, அசையாமல், வானத்தை வைத்துக்கொண்டு கிடந்தது. ஆழம் எனக்குத் தெரியும், பதிவேட்டில் இருக்கிறது. அது அப்போது உதவவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

மண்டிக்காரர் குண்டானை இன்னும் இறுக்கினார். "எனக்கும் தெரியாது சார்."

"நீங்கதான் இந்த வருஷம் மிதிபடகுல போய் வந்தீங்களே?"

"சமையலம்மா வூட்டுக்காரரு மிதிச்சாரு. நான் பக்கத்துல கண்ண மூடிக்கினு குந்தியிருந்தேன். அதான் நார்மல்னு எழுதிட்டேன்."

எனக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். படகு ஆடியது. "சிரிக்காதீங்க சார், கவுந்துடும்" என்று அவரும் சிரித்தார், படகு இன்னும் ஆடியது. குழம்பு ஒரு துளி தெறித்து என் கஞ்சி போட்ட சட்டையில் விழுந்தது. தாமே மிதிக்காமல் தம் பெயரைப் பதிவு செய்தது மன்றத்திலிருந்து நீக்கும் அளவுக்குக் குற்றம், விதி இருபத்திரண்டு. அது எனக்கு நினைவுக்கு வந்தது. போகட்டும் என்று விட்டேன்.

கரையிலிருந்து என் மனைவி முதல்முறையாகக் கத்தினாள். "ரெண்டு கையையும் ஒண்ணா இழுங்க! அவ்ளோதான்!"

ஒன்றாக இழுத்தேன். படகு நேராகப் போனது. அது நேராகப் போகக்கூடியது என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

சமையலம்மா வீட்டுக்கு முன்னால் ஒரு பலா மரம். அதன் நிழலில் தலைவரின் பாயை விரித்து, இரண்டு வரிசையாக உட்கார்ந்தோம். காற்று பார்க்காத பாய் அன்று சோறு பார்த்தது. சமையலம்மாவின் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றினார், மண்டிக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினார். மணி அடிக்கவில்லை. யார் எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. களியில் குழி செய்து குழம்பை ஊற்றியபோது, மசாலாவும் புகையும் கலந்து, அவ்வளவு நன்றாக நான் எதையும் சாப்பிட்டதில்லை என்று தோன்றியது. என் இலையிலிருந்த மீன் துண்டை எடுத்து மண்டிக்காரர் இலையில் வைத்தேன்.

"இது இன்னா சார்?"

"லாரி நின்ன அன்னைக்கு உங்களுக்கு வர வேண்டியது."

அவர் அதை முழுதாகத் தின்று முடித்தார். பிறகு, "ஆறிப்போச்சி சார்" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரையேறியது. யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை காரணமும் என் காதில் விழுந்தது. அதை இங்கே எழுதவில்லை. அங்கே இருந்திருந்தால்தான் சிரிப்பு வரும்.

திரும்பும்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானே போய்த் துடுப்புப் படகில் உட்கார்ந்தேன். என் மனைவி முன்பக்கம் ஏறினாள், மண்டிக்காரர் காலிக் குண்டானோடு பின்பக்கம் ஏறித் தூங்கிவிட்டார். அரைச் சுற்றுத்தான் சுற்றினோம். பாதி ஏரியில் அவள் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தபடி, "கெணத்துக்குக் கூப்பிட்டப்பவே வந்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

"அன்னைக்கு ஆபீஸ்ல வேலை இருந்துது."

"ஞாயித்துக்கெழம" என்றாள். இத்தனை ஆண்டுகளும் அவளுக்கு அது நினைவிருந்திருக்கிறது.

படகுத்துறையில் மண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை எடுத்துவந்து என் முன் விரித்தார். பெயர் எழுதினேன். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எழுதினேன். சாட்சிக் கலத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஓத நிலைக்கு வந்தேன். அந்தக் கலத்தைக் காலியாக விட்டேன். காலிக் கலம் உள்ள பக்கத்தில் வாழ்நாளில் முதல்முறையாக 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டேன்.

மறுநாளே திருத்தத்துக்கு இருபத்தொரு நாள் அறிவிப்பு அனுப்பினேன். அந்த நாட்கள் கழியும்வரை மூன்று ஞாயிறும் பலா மரத்தடியில்தான் சாப்பிட்டோம், ஒவ்வொரு முறையும் குழம்பு என் படகில்தான் வந்தது. கூட்டத்தில் மண்டிக்காரர் பதினேழாம் விதியையே எடுத்துவிட வேண்டும் என்றார். நான் கடுமையாக எதிர்த்தேன். ஓதம் என்ற சொல்லை மட்டும் நீக்கி, இதுவரை நடந்த பயணங்கள் எல்லாம் செல்லும் என்று தீர்மானம் போட்டோம். ஏரிக்கொள்ளையரை அப்படியே விட்டுவிட்டோம், யாருக்கும் அவர்களால் தொந்தரவு இல்லை.

அடுத்த ஞாயிறு ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. நான் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அடுக்களையிலிருந்து சமையலம்மா குரல் கொடுத்தார்.

"அம்மா, மேசைக்குப் பதினாலா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, "பதினாலு" என்றாள்.